மூன்று பாட்டில் ஏரித் தண்ணீர்

வாசகரே, உங்களை இங்கே சாட்சியாக அழைத்திருக்கிறேன். நடுவராக அமர வேண்டாம். நடுவர்களை நான் நன்கறிவேன். பதினான்கு வயது முதல் அவர்கள் முன்னால் நின்று பேசிப் பழகியவன். அவர்கள் கையில் மணி இருக்கும், மதிப்பெண் தாள் இருக்கும், மேசை ஓரத்தில் வண்ணத்தாள் சுற்றிய கோப்பை இருக்கும். உங்களுக்கு அவை எதுவும் தேவையில்லை. நடந்ததை நடந்த வரிசையில் கேட்டுக்கொண்டு வாருங்கள். எங்கேனும் என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், பாரிவாக்கத்தை அடுத்த ஓர் ஏரியில் நஞ்சு கலந்திருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். எட்டு நாள் கழித்து அதே ஒலிபெருக்கியில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றேன். இடைப்பட்ட நாட்களில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு என் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அம்பத்தூர்க்காரன். தந்தை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். என் பேச்சுத் திறமையில் அவருக்குப் பெருமை உண்டு. அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். பள்ளியிலும் கல்லூரியிலும் பேச்சுப் போட்டிக்கு எங்களைத் தயார் செய்த முறை எளிமையானது. தலைப்பை அறிவிப்பார்கள்; குடவோலை போலச் சீட்டு எடுக்க வேண்டும். 'சார்பு' என்று வந்தால் சார்பு, 'எதிர்ப்பு' என்று வந்தால் எதிர்ப்பு. பத்து நிமிடம் அவகாசம். அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் எழுத வேண்டியது முடிவுரை. கைதட்டு எந்தச் சொல்லில் விழ வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு ஏறிப்போகும் படிகளைக் கீழிருந்து கட்ட வேண்டும். நான் இதில் தேர்ந்தவன். ஒரே வாரத்தில் அணு உலையை ஆவடியில் ஆதரித்தும் பூந்தமல்லியில் எதிர்த்தும் பேசி, இரண்டு ஊரிலும் முதல் பரிசு வாங்கினேன்.

கோப்பைகள் வேலை வாங்கித் தராது என்பதால் விலங்கியல் படித்தேன். படிக்கப் படிக்கப் பிடித்துப்போனது. முதுகலை முடித்ததும் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை, முன்னொரு காலத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் நடுவராக இருந்து எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தவர். அதை நான் மறக்கவில்லை. அவருக்கு நினைவில்லை.

எனக்குத் தரப்பட்ட ஆய்வு, உயிரி உணரி. நீரில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பெரிய இயந்திரங்கள் இல்லாமல், ஏரிக்கரையில் வைத்தே கண்டுசொல்லும் சிறு கருவி. அதன் உயிர் ஒரு நொதியில் இருக்கிறது. என்சைம் என்று வகுப்பில் சொல்வோமே, அதுதான். நரம்புகளில் இயல்பாக உள்ள ஒரு நொதியைப் பிரித்தெடுத்து, ஜெலட்டினோடு சேர்த்து, நகத்தளவு சவ்வாக உறையவைப்பேன். அந்தச் சவ்வை அமிலம் அளக்கும் மீட்டரின் முனையில் மாட்டி, சோதிக்க வேண்டிய நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிறகு நொதிக்குத் தீனியான ஒரு கரைசலில் அமிழ்த்துவேன். நொதி உயிரோடு இருந்தால் தீனியைச் செரித்து அமிலமாக்கும். மீட்டரின் முள் இறங்கும். நீரில் பூச்சிமருந்து இருந்தால் அது நொதியைக் கொன்றுவிடும், முள் அசையாது. முள் இறங்கினால் நல்ல நீர், நின்றால் நஞ்சு. இவ்வளவுதான் கருவி.

வெளிநாட்டிலிருந்து வரும் நொதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் ஆட்டு மூளையிலிருந்து நானே பிரித்தெடுத்தேன். வாரம் இரண்டு முறை அம்பத்தூர் மார்க்கெட்டில் கறிக்கடை பாய் முன்னால் நிற்பேன். மூன்றாவது வாரம் அவர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னா தம்பி, மூளையா வாங்கினு போறே. கீறது பத்தலியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது.

அந்தக் கோடையில் பாரிவாக்கம் பக்கத்து ஏரியில் ஒரு நாள் விடிந்தபோது மீன்கள் சில வயிறு மேலாக மிதந்தன. ஏரியைச் சுற்றிக் கத்திரித் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மருந்து அடிப்பார்கள். அந்த ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளர் கல்லூரியில் என் பேச்சுக் கூட்டாளி. மேடையில் நான் முன்னால், அவன் பின்னால் குறிப்புத் தாளோடு. அவன் அம்பத்தூருக்கே வந்துவிட்டான்.

"மச்சான், சனிக்கெழம கூட்டம் போட்டுகிறோம். நீ தான் பேசணும். காலைல உன் மிசின எட்தாந்து ஏரியப் பாத்துடு. சாயந்தரம் மைக்ல ஊத்து."

"மெஷின் என்ன சொல்லும்னு தெரியாதேடா."

"மீனு செத்து மெதக்குது, வேற இன்னா சொல்லும்?"

வெள்ளிக்கிழமையே முடிவுரையை எழுதினேன். வாசகரே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஏரியை இன்னும் பார்க்கவில்லை. ஒரு சொட்டு நீரை அளக்கவில்லை. ஆனால் கைதட்டு எந்தச் சொல்லில் விழும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை நான்கு சவ்வுகள் கைவசம் இருந்தன. ஒன்றை வீட்டு மேசையில் எங்கள் கிணற்று நீரில் சோதித்தேன். முள் ஒழுங்காக இறங்கியது. மற்ற மூன்றையும் சிறு எவர்சில்வர் டப்பாவில் ஈரப் பஞ்சுக்கு நடுவே அடுக்கி, மீட்டரோடு மரப்பெட்டியில் வைத்துப் பூந்தமல்லி பஸ் ஏறினேன். ஆவடி தாண்டியதும் கூட்டம் நெரித்தது. சவ்வு நசுங்கிவிடும் என்ற பயத்தில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். நடத்துநர் பார்த்துவிட்டார்.

"முன்னாடி குடு சார். இன்ஜின் மேல வெச்சுடலாம், ஆடாது அசங்காது."

அந்தக் காலத்துப் பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடிய இரும்பு மேடு ஒன்று இருக்கும். கூட்டம் மிகுந்தால் பைகளும் கூடைகளும் கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேரும். என் பெட்டியும் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்தப் பேருந்தில் இல்லை என்று நிம்மதியாக நின்றேன்.

ஏரியில் மூன்று இடங்களில் மூன்று பாட்டில் நீர் எடுத்தேன். மதகருகே ஒன்று, கத்திரித் தோட்டத்து வாய்க்கால் விழும் இடத்தில் ஒன்று, நடுவில் முழங்காலளவு ஆழத்தில் ஒன்று. பாட்டிலுக்கு ஒரு சவ்வு. மூன்றிலும் முள் நின்ற இடத்திலேயே நின்றது. வீட்டுக் கிணற்று நீரும் ஒரு பாட்டில் கொண்டுபோயிருந்தேன். அதை மீட்டர் முனையைக் கழுவ மட்டும் பயன்படுத்தினேன். அதிலும் ஒரு சவ்வை ஊறவைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றல்ல, மூன்று சாட்சிகள் கிடைத்த பிறகு நான்காவது எதற்கு? வரப்பில் நடந்தபோதே முடிவுரையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று மாலை நான் நன்றாகப் பேசினேன். அதைப் பொய்யாக அடக்கிச் சொல்ல மாட்டேன். "இது ஏரியன்று, உங்கள் ஊரின் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன நச்சுக் கிண்ணம்" என்றேன். கைதட்டு எழுந்தது. "இந்த நீரில் வளர்ந்த மீன் உங்கள் பிள்ளையின் தட்டில் விழுமுன் எழுந்திருங்கள்" என்றேன்; அப்போது கைதட்டு இல்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த மௌனம் கைதட்டைவிடப் பெரியது என்பது பேசுகிறவனுக்குத் தெரியும். கூட்டம் முடிவதற்குள் மன்றம் ஒரு தீர்மானம் வைத்தது: அடுத்த ஞாயிறு ஊர்க் கூட்டத்தில் ஏரியின் மீன் குத்தகையை ரத்து செய்யப் பஞ்சாயத்தைக் கேட்பது என்று. குத்தகைக்காரர் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குத்தகை என் வீட்டு வாசலில் வந்து நின்றது. மன்றத்தில் விலாசம் கேட்டு வந்த, முப்பது வயதிருக்கும் ஒரு பெண். இடுப்பில் மீன் கூடை, மேலே ஈரச் சாக்கு.

"நீதான சனிக்கெழம மைக்ல பேசுனது?"

"ஆமாம்."

"அந்த ஏரில மீன் புடிக்கிறவர் பொண்டாட்டி நானு. பூந்தமல்லி மார்க்கெட்ல குந்திகினு விக்கிறவ. நீ பேசுனதுலேர்ந்து ஒருத்தரும் என் கூடையாண்ட வரல. பக்கத்துல எறா விக்கிறவ ஏழடி தள்ளிக் குந்திகிறா."

"உள்ள வாங்கக்கா."

"உன் ஊட்டுக்கும் வெசம் ஒட்டிக்கப் போவுது. இங்கியே நிக்கிறேன்." கூடையை இறக்கி வைத்தாள். "விக்காத மீன இன்னா பண்றேன்னு கேளு நைனா."

கேட்டேன்.

"துன்றோம். நானு, அவரு, ரெண்டு பொண்ணுங்க. மூணு நாளா மூணு வேளையும் மீனு. பெரியவ கேக்குறா, 'யம்மா, அந்த மைக் மாமா நம்ம ஊட்டாண்ட வந்து பேசுனா நீ ரசம் வெப்பியா'ன்னு."

அவள் சிரிக்கவில்லை. நான் சரியாகச் சொல்லியிருந்தால், இரண்டு சிறு பெண்கள் மூன்று நாளாக நஞ்சு உண்கிறார்கள். தவறாகச் சொல்லியிருந்தால், அவர்கள் தாயின் கூடையை நான் கவிழ்த்துவிட்டேன். சீட்டில் வந்த பக்கத்தை வெல்வதே வேலையாக இருந்தவன், என் பக்கம் தோற்க வேண்டும் என்று முதல்முறையாக விரும்பினேன்.

"அக்கா, ரெண்டு மூணு நாளைக்குப் பிள்ளைங்களுக்கு அந்த மீனக் குடுக்காதீங்க."

"அப்ப கீதுன்றியா?"

"திரும்ப ஒரு தடவ பார்க்கணும்."

"மைக்ல பேசச் சொல்ல தெரிஞ்சுது, இப்பத் தெர்லியா?" கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம குத்தகைய எட்த்துடுவாங்களாம். கீதோ இல்லியோ, அதுக்குள்ள வந்து சொல்லு."

அன்றே கல்லூரிக்குப் போய், உபயோகித்த மூன்று சவ்வுகளையும் பேராசிரியை முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல தண்ணீரில் முள் இறங்கியதா?"

"காலையில் வீட்டில் இறங்கியது, மேடம்."

"ஏரிக்கரையில்?"

நான் எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"சொல்லுங்கள். உங்களுக்குப் பேச்சு நன்றாக வருமே."

"ஏரிக்கரையில் நல்ல தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை, மேடம்."

மூன்று சவ்வுகளையும் அவர் எதிரிலேயே கிணற்று நீரில் ஊறவைத்துச் சோதித்தேன். மூன்றும் செத்திருந்தன. ஆனால் அதனால் ஒன்றும் விளங்கவில்லை. ஏரி நஞ்சு கொன்றிருந்தாலும் அவை இப்படித்தான் கிடக்கும். ஏரிக்குப் போகுமுன் வேறேதேனும் கொன்றிருந்தாலும் இப்படித்தான் கிடக்கும். நொதி எதனால் செத்தது என்று பிணத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. புதிய சவ்வுகள் செய்து, ஏரிக்கே திரும்பிப் போக வேண்டும். பேராசிரியை திட்டவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பேன். அதற்கும் இடம் இல்லாமல் போயிற்று.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஆட்டு மூளையோடு கழிந்தன. வெள்ளிக்கிழமை காலை ஆறு சவ்வுகளோடு அதே பேருந்து, தற்செயலாக அதே நடத்துநர். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"குடு சார் பெட்டிய. அன்னிக்கு வெச்ச எடம் காலியாதான் கீது."

பெட்டியை நீட்டிவிட்டேன். நீட்டிய கை பாதியில் நின்றது. இன்ஜின் மேட்டின் மேல் அலுமினிய டிபன் கேரியர்கள் நான்கைந்து வரிசையாக இருந்தன.

"அது யாருதுங்க?"

"கம்பெனிக்குப் போறவங்களுது. சோறு ஆறாம இருக்கணும்னு வெப்பாங்க. எறங்கச் சொல்ல தொட்டா கை சுடும்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இரண்டு நொடி தாங்கவில்லை. "இன்னா சார், காச்சலா பாக்குறே?" என்றார் ஓட்டுநர். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். உடம்பின் சூட்டுக்கு மேல் சற்று ஏறினாலே சோர்ந்துவிடும் நொதியை, ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அடுப்பின் மேல் வைத்துச் சமைத்திருக்கிறேன். அது ஏரிக்கு வந்து சேர்ந்தபோது பிணம். பிணத்தை மூன்று பாட்டிலில் முக்கிவிட்டு, ஏரி கொன்றது என்று பேசியிருக்கிறேன்.

ஆனாலும் இது ஓர் ஊகம்தான். ஏரியில் நஞ்சு இல்லை என்று இன்ஜின் சூடு நிரூபித்துவிடாது. பூந்தமல்லியிலிருந்து ஏரிவரை நடந்தபோது அந்தப் பெண்ணின் மகள்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரையில் அவள் நின்றிருந்தாள். கணவர் லாரி டியூப்பில் உட்கார்ந்து வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். குறைவாகப் பேசும் மனிதர்.

"முள்ளு நின்னா வெசம். எறங்குனா நல்லது. அவ்ளோதான?"

"அவ்வளவுதாண்ணே."

வேப்ப மர நிழலில் பெட்டியைத் திறந்தேன். முதலில் கிணற்று நீர். முள் இறங்கியது. நொதி உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறது. இனி அது என்ன சொன்னாலும் ஏரியைப் பற்றியே சொல்லும். அடுத்து மதகருகே எடுத்த நீர். சவ்வு ஊற வேண்டிய நேரம் முழுவதும் மூவரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முள் இறங்கியது.

"எறங்குதா, இல்ல நான் கண்ணு மூடித் தொறந்ததால அப்டித் தெரிதா?" என்றாள்.

"இறங்குதுக்கா."

வாய்க்கால் நீரிலும் இறங்கியது. நடு ஏரி நீரிலும் இறங்கியது. கடைசியாக ஒரு கிண்ணத்தில் ஏரி நீரை எடுத்து, கத்திரிக்கு அடிக்கும் மருந்தை ஒரு துளி விட்டுக் கலக்கி ஐந்தாவது சவ்வை ஊறவைத்தேன். முள் அசையவே இல்லை. ஆக, நஞ்சு இருந்தால் அது கண்டுபிடிக்கும், இங்கே கண்டுபிடிக்கவில்லை.

"அந்தக் கிண்ணத்த கைத்தவறி ஏரில ஊத்திடாத நைனா," என்றாள். "அப்புறம் நீ சொன்னது நெஜமாயிடும்."

கணவர் சிரித்தார். நான் வேப்ப மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். எந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோதும் உடம்பு இப்படித் தளர்ந்து சுகப்பட்டதில்லை. அந்தச் சிறுமிகள் உண்டது வெறும் மீன் குழம்பு. எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அந்த வாக்கியம் இனித்தது.

ஆறாவது சவ்வை அப்படியே வைத்திருந்தேன். திரும்பும் வழியில் அதை மட்டும் டப்பாவில் போட்டு இன்ஜின் மேல் வைத்தேன். அம்பத்தூரில் இறங்கி வீட்டுக் கிணற்று நீரில் சோதித்தேன். செத்திருந்தது. பிற்காலத்தில் என் ஆய்வேட்டில் இந்தச் சூடு பற்றி ஓர் இயல் வந்தது. அதற்கான முதல் அளவு அந்தப் பேருந்தில்தான் எடுக்கப்பட்டது.

சனிக்கிழமை நண்பனிடம் சொன்னேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"மாமே, ஊர்ல என் மானம் இன்னா ஆவறது? பஞ்சாயத்துத் தலைவராண்ட நான்தான் போய் நின்னேன்."

"தப்பா அளந்துட்டேன்டா."

"தப்புன்னு ஏன் சொல்ற? 'மேலும் ஆராய வேண்டியிருக்கிறது'ன்னு சொல்லு. உனக்கா சொல்லித் தரணும்? வழவழன்னு பேசி எறங்கிடு. குத்தகை விசயத்த அவங்க பாத்துப்பாங்க."

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. அன்று மாலை உட்கார்ந்து அப்படியொரு பேச்சையே எழுதினேன். அறிவியலின் பாதை நெடியது, ஐயம் அறிவின் வாயில் என்றெல்லாம் அதில் வந்தது. எழுதி முடித்தபோது அழகாகவே இருந்தது. நான் தவறினேன் என்ற ஒரு செய்தி மட்டும் அதில் எங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் அந்தத் தாளோடு எழுந்தேன். "அறிவியலின் பாதை நெடியது" என்று தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் இருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. கோபமான குரல் இல்லை. காய்கறி விலை கேட்பது போல.

"கீதா, இல்லியா? அத்த சொல்லு நைனா."

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"இல்ல," என்றேன். "ஏரித் தண்ணியில நான் தேடின பூச்சிமருந்து இல்ல. போன வாரம் நான் தப்பா அளந்தேன். என் கருவிய பஸ் இன்ஜின் மேல வெச்சுக் கெடுத்தது நான்தான். அது தெரியாம, சரி பார்க்காம, இங்க வந்து பேசிட்டேன்."

சில வாக்கியங்கள்தான். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. கைதட்டும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்ப அன்னிக்கு மீனு இன்னாத்துக்கு செத்துச்சு?"

எதிர்பாராத கேள்விக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்கு ஆறேழு உத்திகள் தெரியும். கேள்வி கேட்டவரைப் பாராட்டலாம்; கேள்வியையே கேள்வியாக்கலாம். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"தெரியாதுங்க."

மேடையில் நின்று அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல்முறை. சொன்ன பிறகும் மேடை இடிந்து விழவில்லை. நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைத் தளர்த்தியது போல மூச்சு இறங்கியது. காரணத்தைக் கண்டறிய எனக்கு இரண்டு கோடைகள் பிடித்தன: நீர் வற்றிய ஏரியில் ஆகாயத்தாமரை பரவிக் கிடந்தால், விடியற்காலையில் மீன்கள் மூச்சுவிட நீரில் பிராணவாயு போதாது. வெயில் ஏறினால் மீண்டும் கூடிவிடும். என் ஆய்வின் பிற்பாதி கருவிகளை விட்டு ஏரிகளின் பக்கம் திரும்பியது இதனால்தான். ஆனால் அந்த ஞாயிறு மாலை எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை மட்டுமே சொன்னேன். பஞ்சாயத்துத் தலைவர் குத்தகை தொடரும் என்று அறிவித்துவிட்டு அடுத்த விஷயமான தெருவிளக்குக்குப் போய்விட்டார். நண்பன் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு பேசினான்.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? ஆம், எதிர்பார்த்தேன்.

"இங்க சொல்லிட்ட, சரி. மீனு வாங்கறவங்க இங்கயா கீறாங்க? நாளைக்குக் காலைல பூந்தமல்லிக்கு வா."

திங்கள்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் கூடையைச் சுற்றி ஏழடி வெற்றிடம் இருந்தது. காலிப் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "ஏறு" என்றாள். மைக் இல்லை. தலைவர் இல்லை. எதிரே எறா விற்கும் பெண்ணும், பைகளோடு நடந்துகொண்டிருந்த சனங்களும்தான். பேருந்து நிலையத்து இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி, முந்தைய நாள் சொன்ன அதே வாக்கியங்களைச் சொன்னேன். சிலர் நின்றார்கள்.

"இன்னாபா இது? போன வாரம் வெசம்னது இவருதான்," என்றார் கைலி கட்டிய ஒரு பெரியவர். "இந்த வாரம் இல்லன்றதும் இவருதான். அடுத்த வாரம் இன்னா சொல்வாரோ. எத்த நம்பி வாங்கறது?"

நியாயமான கேள்வி. இதற்கு முடிவுரை எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அவள் கூடைக்கு மேலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"இனிமே அந்த ஏரியப் பத்தி நல்லதோ கெட்டதோ நான் ஒரு வார்த்த சொல்லணும்னா, மொதல்ல இந்தக் கூடைக்கு முன்னாடி வந்து குந்துவேன். நல்ல தண்ணியையும் ஏரித் தண்ணியையும் உங்க கண்ணு முன்னாடி அளப்பேன். முள்ளு இறங்குதா நிக்குதான்னு நீங்க பார்த்து, இந்தக்கா பார்த்து, அதுக்கப்புறம்தான் நான் வாயத் தொறப்பேன்."